கடைமடைக்குத் தண்ணி, மையத்துக்கு வெளிச்சம்

போன தடவை பேராவூரணி பக்கம் எங்க சித்தப்பா ஊருக்குப் போயிருந்தேன். கல்லணை திறந்தாச்சுன்னு போன்ல நியூஸ் பார்த்துட்டு, "தண்ணி வந்துடுச்சா சித்தப்பா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். "வந்துச்சான்னு கேக்காத தம்பி, பாஞ்சுச்சான்னு கேளு."

கல்லணைக் கால்வாய், அதாவது ஊர்க்காரங்க சொல்ற புது ஆறு, 1934-ல் மேட்டூர் அணையோட சேர்ந்து பயன்பாட்டுக்கு வந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல ஓடி, கிளை கிளையா பிரிஞ்சு எங்க வயலுக்கு வரணும். நாங்க கடைமடை. தண்ணி தாமதமானா நாத்து விடறது தள்ளிப்போகும். வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினா, கதிர் பால் பிடிக்கற நேரத்துல வயல் காயும். அணையில எவ்வளவு இருக்குங்கறது ஒரு கணக்கு. கடைசி வயல் வரைக்கும் போய்ச் சேருதாங்கறது வேற கணக்கு.

இந்த எபிசோட் அந்த ரெண்டாவது கணக்கைப் பத்தினதுதான். தண்ணிக்குப் பதிலா வெளிச்சம், வாய்க்காலுக்குப் பதிலா மூலக்கூறு.

முதல்ல நெல் இலை. ஒளிச்சேர்க்கையில வேதிவேலை தொடங்கற இடத்துக்கு வினை மையம்னு பேர். நல்ல வெயில்லகூட ஒரு பச்சைய மூலக்கூறு நொடிக்குச் சில தடவைதான் ஒளித்துகளைப் பிடிக்கும். அதனால ஒவ்வொண்ணுக்கும் தனி மையம் வெச்சா கட்டுப்படியாகாது. ஒரு மையத்தைச் சுத்தி சில நூறு பச்சைய மூலக்கூறுகள் ஆன்டெனா மாதிரி நிக்கும். அதுங்க பிடிச்சதை மையத்துக்கு அனுப்பும்.

எப்படி அனுப்பும்? ஒளியைத் திரும்ப உமிழ்ந்து இல்ல. வீணையில ஒரே சுருதிக்குக் கூட்டின ரெண்டு தந்தியில ஒண்ணை மீட்டினா இன்னொண்ணும் லேசா அதிரும்ல, கிட்டத்தட்ட அப்படி. ஜெர்மன் விஞ்ஞானி தியோடார் ஃபோர்ஸ்டர் 1940-களில் இதுக்குக் கணக்கு போட்டார். தூரம் ரெட்டிப்பானா, கைமாறும் வேகம் 64-ல் ஒரு பங்கா விழும். அதனால நானோமீட்டர் கணக்குல நெருங்கி நிக்கணும்.

நெருக்கம் மட்டும் போதாது, சரிவும் வேணும். பச்சையம் பி சுமார் 650 நானோமீட்டர் ஒளியைப் பிடிக்கும், பச்சையம் ஏ 670-ஐ ஒட்டி, ஒரு வகை மையம் 680. அலைநீளம் கூடக் கூட ஆற்றல் குறையும், அதனால இது கீழ்நோக்கின பாதை. ரொம்பச் சின்ன சரிவுதான், நம்ம டெல்டா நிலம் மாதிரி.

இதையே ஆய்வகத்துல கட்ட முடியுமா? அங்கதான் டென்ட்ரிமர் வருது. கிரேக்கத்துல டென்ட்ரான்னா மரம். கிளைவிட்டு வளர்ற மூலக்கூறுகளை 1978-ல் ஜெர்மனியில ஃப்ரிட்ஸ் ஃபோக்டில் குழு செஞ்சு காட்டுச்சு. 1985-ல் அமெரிக்காவுல டொனால்ட் டோமாலியா குழு அதைப் பெருசா வளர்த்துச்சு. அடுக்குக்கு அடுக்கு ஒண்ணு ரெண்டாகும்: 2, 4, 8, 16. நாம இன்டர்வியூக்காக எழுதித் தள்ளற பைனரி ட்ரீயேதான். கிளைகள் ஒளியைப் பிடிக்கும், அடியில இருக்கற மையத்துக்கு ஆற்றல் வரணும். வாய்க்கால் படத்தைத் தலைகீழா ஓட்டின மாதிரி.

இங்க ஒரு பக் இருக்கு. கிளை பிரியற இடத்துல ஆற்றல் நிக்குதுன்னு வைங்க. உள்ள போக ஒரு வழி, வெளிய போக ரெண்டு வழி. எல்லாம் ஒரே மட்டம்னா, மூணுல ரெண்டு தடவை வெளியதான் போகும். மரம் பெருசாகப் பெருசாக பிடிக்கறது கூடும், மையத்துக்கு வந்து சேர்ற பங்கு குறையும். அணை நிறைஞ்சும் கடைமடை காயற கதைதான்.

1996-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துல செல்லதுரை தேவதாஸ், பி. பாரதி, ஜெஃப்ரி மூர் மூணு பேரும் இதுக்கு ஒரு வழி காட்டினாங்க. மையத்தை நெருங்க நெருங்கக் கிளைத்துண்டை நீளமாக்கினாங்க. துண்டு நீண்டா அதோட ஆற்றல் மட்டம் இறங்கும். அதாவது மூலக்கூறுக்குள்ளேயே ஒரு சரிவு. கிளைகள் பிடிச்ச ஆற்றல்ல சுமார் 98 சதவீதம் மையத்துல இருக்கற பெரிலீனுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. மரம் அதே மாதிரி மரம்தான், மட்டம் மட்டும் மாறுச்சு. சென்னைப் பல்கலைக்கழகத்துல பெ. ராஜகுமார் குழு, சாயம் பூசின சோலார் செல்கள்ல டென்ட்ரிமரைச் சேர்த்துப் பார்த்திருக்காங்க.

அப்போ நெல் இலையை ஜெயிச்சாச்சா? இல்ல. டெல்டாவுக்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ வடிகாலும் அவ்வளவு முக்கியம். உச்சி வெயில்ல தேவைக்கு மேல வர்ற ஆற்றலை இலை வெப்பமா வடிச்சுடும். அப்படியும் சேதமான புரதத்தைக் கழட்டிட்டுப் புதுசு போட்டுக்கும். ஆய்வகச் சாய மூலக்கூறு வெயில்ல வெளுத்துட்டா அதோட சரி, தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்காது.

நான் சென்னை திரும்பி பதினோரு நாள் கழிச்சு சித்தப்பா போன் பண்ணினார். "நாத்தங்காலுக்குப் பாஞ்சுடுச்சு தம்பி." இந்தத் தடவை எனக்கு அர்த்தம் புரிஞ்சுது.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.