உச்சத்தின் விலையும் வழமையின் பெறுமதியும்

அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தில், பேஸ்போல் பருவகாலம் ஆரம்பமாவதற்குச் சற்று முன்னர், இலட்சக்கணக்கான இரசிகர்கள் தத்தமது நண்பர்களுடன் கூடி வீரர்களைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். மைதானத்தில் கால் பதிக்காமலேயே அணியொன்றின் உரிமையாளராக இருந்து போட்டியிடும் இவ்விளையாட்டு ஃபன்டசி பேஸ்போல் என அழைக்கப்படுகின்றது. இதில் முதல்தர நட்சத்திரத்தைத் தெரிவு செய்வதற்குப் பெரும் ஞானம் எதுவும் தேவையில்லை. கடைநிலை வீரர் ஒருவரைத் தெரிவு செய்து தவறினால் நட்டமும் அதிகமில்லை. இவ்விரு சாராருக்கும் இடைப்பட்ட வீரரின் விலையை நிர்ணயிப்பதிலேயே ஒருவரின் நிதானம் சோதனைக்குள்ளாகின்றது.

1980 ஆம் ஆண்டு டானியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவரது நண்பர்களும் இவ்விளையாட்டின் இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டனர். நியூயோர்க்கில் அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரையொட்டியே ரொட்டிசரி லீக் என்ற பெயர் உருவாகியது. இன்று வழக்கிலுள்ள முறையில், ஒவ்வோர் உரிமையாளரும் 260 டொலர் என்ற கணக்கில் 14 துடுப்பாட்ட வீரர்களையும் 9 பந்துவீச்சாளர்களையும் ஏலத்தில் எடுக்கின்றார். ஏலமின்றி முறைவைத்துத் தெரிவு செய்வதும் உண்டு. துடுப்பாட்ட வீரர்கள் ஐந்து அம்சங்களில் அளவிடப்படுகின்றனர். சராசரி, ஹோம் ரன், அவர்கள் ஓடிப்பெற்ற ஓட்டங்கள், தமது துடுப்பாட்டத்தினால் அணிக்குப் பெற்றுக்கொடுத்த ஓட்டங்கள், தளத்திருட்டு என்பனவே அவை. பேஸ்போலில் சராசரி என்பது கிரிக்கெட்டில் கணிக்கப்படுவது போன்றதன்று. துடுப்பெடுத்தாடிய தடவைகளில் எத்தனையில் வெற்றிகரமாக அடித்துத் தளத்தை அடைந்தார் என்பதையே அது காட்டுகின்றது. 0.250 எனில் நான்குக்கு ஒன்று என்பது பொருள்.

ஷோர்ட்ஸ்டொப் எனப்படுபவர் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையில் நின்று களத்தடுப்பில் ஈடுபடுபவர். விரைந்த பாதமும் வலிய கரமும் இவ்விடத்துக்கு இன்றியமையாதவை என்பதனால், நீண்டகாலமாக இவர்களின் துடுப்பாட்டப் பலவீனத்தைக் கழகங்கள் பொறுத்துக்கொண்டன. கல் ரிப்கன் 1980களிலும், அலெக்ஸ் ரொட்ரிகஸ், டெரக் ஜீற்றர், நோமார் கார்சியாபாரா ஆகியோர் 1990களின் பிற்பகுதியிலும் அந்த எண்ணத்தை மாற்றியமைத்தனர். 2024 இல் பொபி விற் 0.332 சராசரியுடன் 32 ஹோம் ரன்களையும் 31 தளத்திருட்டுகளையும் பெற்றார். கனர் ஹென்டர்சன் 37 ஹோம் ரன்களை அடித்தார். எனவே ஷோர்ட்ஸ்டொப்புக்குத் தட்டுப்பாடு என்ற பழைய வாதம் இன்று செல்லுபடியாகாது. ஒருவரின் பெறுமதி அவரது எண்ணிக்கைகளில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அவரை விட்டுவிட்டால் அதே இடத்துக்கு மலிவாகக் கிடைக்கக்கூடிய அடுத்தவருக்கும் அவருக்குமிடையிலான தூரமே உண்மையான பெறுமதியாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு டான்ஸ்பி ஸ்வான்சன் பொருத்தமான உதாரணமாவார். 2022 இல் அட்லாண்டா பிரேவ்ஸ் கழகத்துக்காக 162 போட்டிகளிலும் ஆடிய அவர், 0.277 சராசரி, 25 ஹோம் ரன்கள், ஓடிப்பெற்ற 99 ஓட்டங்கள், பெற்றுக்கொடுத்த 96 ஓட்டங்கள், 18 தளத்திருட்டுகள் எனத் தமது வாழ்வின் சிறந்த பருவகாலத்தைப் பதிவு செய்தார். அவ்வருட இறுதியில் சிகாகோ கப்ஸ் கழகம் 7 வருடங்களுக்கு 177 மில்லியன் டொலர் வழங்கி அவரை ஒப்பந்தம் செய்தது. 2023 பருவகாலத்துக்கான தெரிவில் அமர்ந்த ஓர் உரிமையாளர் இந்த எண்களை எவ்வாறு வாசித்திருக்க வேண்டும்?

முதலாவது, அதிர்ஷ்டத்தின் பங்கு. ஹோம் ரன்களையும் பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்த தடவைகளையும் நீக்கி, களத்துக்குள் விழுந்த பந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால், பத்தில் மூன்று வெற்றியாக அமைவதே பொதுவான வழமை. 2022 இல் ஸ்வான்சனுக்கு இது 0.350 ஐ அண்மித்திருந்தது. 182 தடவைகள் பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்த ஒருவருக்கு 0.277 சராசரி கிடைத்தமைக்கு இதுவே காரணம். முந்திய மூன்று பருவகாலங்களையும் சேர்த்து, அண்மைய ஆண்டுக்குக் கூடிய நிறை கொடுத்துக் கணித்தால் அவரது சராசரி 0.265 அளவிலேயே அமையும். கிடைத்ததோ 0.244 மாத்திரமே. நிதானமான கணிப்பும் பிழைத்தது. எனினும் உச்ச ஆண்டை அப்படியே நம்பியவரின் பிழை அதனிலும் பெரிது. 0.277 இற்கும் 0.244 இற்குமான வேறுபாடு 600 தடவைகளில் ஏறத்தாழ 20 அடிகளாகும்.

இரண்டாவது, பிறரின் உழைப்பு. முன்னே தளத்தில் நிற்பவர் இல்லாவிடின், ஹோம் ரன் அடித்தாலன்றி ஓட்டங்களைப் பெற்றுக்கொடுக்க முடியாது. பின்னே அடிப்பவர் திறமைசாலியாக இருந்தாலன்றி ஓடிவருவதும் கடினம். 2022 இல் அட்லாண்டா 101 வெற்றிகளைப் பெற்ற கழகம். சிகாகோவோ 2023, 2024 ஆகிய இரு வருடங்களிலும் 83 வெற்றிகளையே பெற்றது. ஸ்வான்சனின் 99 ஓட்டங்கள் 2023 இல் 81 ஆகவும், 96 ஓட்டங்கள் 80 ஆகவும் குறைந்தமை வியப்புக்குரியதன்று.

மூன்றாவது, நாணயத்தின் மதிப்பிழப்பு. 2023 இல் தளங்களின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக அதிகரிக்கப்பட்டது. தளத்தில் நிற்பவரைத் தடுத்துவைக்கப் பந்துவீச்சாளர் மேற்கொள்ளும் முயற்சிகளும் மட்டுப்படுத்தப்பட்டன. இதனால் 2022 இல் 2,486 ஆக இருந்த மொத்தத் தளத்திருட்டுகள் மறுவருடம் 3,503 ஆக உயர்ந்தன. 2022 இன் 18 திருட்டுகளுக்கு ஈடாக 2023 இல் 25 தேவைப்பட்டது. ஸ்வான்சன் பெற்றது 9. 2024 இல் அவர் 19 ஐப் பெற்றபோதிலும் அது பழைய 18 இற்கு ஈடானதன்று. சந்தையில் அரிசி விலை ஏறிய பின்னர் பழைய சம்பளத்தை எண்ணி மகிழ்வதைப் போன்றதே இது.

இவ்வளவையும் கழித்த பின்னர் எஞ்சுவது யாது? எஞ்சுவது அற்பமானதன்று. 2021 முதல் 2025 வரை அவரது ஹோம் ரன்கள் முறையே 27, 25, 22, 16, 24. ஐந்து வருடங்களில் ஒரு வருடமே தாழ்வு. அவ்வருடம் அவர் உடல் உபாதையுடன் ஆடி, பருவகால முடிவில் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். மறுவருடம் மீண்டும் வழமைக்குத் திரும்பினார். பலரும் குறைகூறும் 0.242 என்ற அவரது 2024 ஆம் ஆண்டுச் சராசரி, அவ்வருடத்தின் முழு லீக் சராசரியான 0.243 இலிருந்து அணுவளவே வேறுபட்டது. ஏறத்தாழ 150 போட்டிகளிலோ அதற்கு மேலாகவோ தவறாமல் களமிறங்குவதும் ஒரு பெறுமதியே. ஆடாத வீரர் எந்த அம்சத்துக்கும் எதுவும் சேர்ப்பதில்லை.

ஆகவே 12 அணிகள் கொண்ட லீக்கில் இத்தகையவரை நோக்கி முந்திக்கொண்டு ஓடுவது தவறு. அவரைப் புறக்கணிப்பதும் தவறு. அவரது வழமையான வருடத்துக்குரிய விலையை முன்கூட்டியே எழுதி வைத்து, ஏலம் அதனைத் தாண்டினால் கையைக் கீழே இறக்குவதே விவேகம். உச்ச ஆண்டின் விலையைக் கொடுப்பவர் அதே உச்சம் மீண்டும் வந்தாலும் இலாபம் காண்பதில்லை; கொடுத்ததையே திரும்பப் பெறுகின்றார். தாழ்வு ஆண்டுக்குப் பின்னர், பிறர் முகஞ்சுழிக்கும் வேளையில் எடுப்பவருக்கே இலாபம் கிட்டுகின்றது.

இங்கு மற்றொரு விடயமும் சிந்தனைக்குரியது. 2022, 2023 ஆகிய இரு வருடங்களிலும் சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது ஸ்வான்சனுக்குக் கிடைத்தது. சிகாகோ கழகம் கொடுத்த 177 மில்லியன் டொலரில் ஒரு பெரும்பகுதி அந்தக் கையுறைக்கானது. ஆயினும் ஃபன்டசி விளையாட்டின் ஐந்து அம்சங்களில் களத்தடுப்புக்கு இடமே இல்லை. அவர் பாய்ந்து தடுக்கும் ஒரு பந்து பந்துவீச்சாளரின் கணக்கில் நன்மையாகச் சேர்கின்றது. அவரது பெயரில் எதுவும் சேர்வதில்லை. கழகமும் தவறிழைக்கவில்லை, ஃபன்டசி உரிமையாளரும் தவறிழைக்கவில்லை. இருவரின் தராசுகளும் வேறானவை.

இடைத்தர வீரர் என நாம் சூட்டும் பெயர் இத்தராசுக்கே உரியது, மனிதருக்கு உரியதன்று. தமது தராசு எதனை நிறுக்கவில்லை என்பதை அறிந்து ஏலத்தில் அமர்பவர், விலையிலும் ஏமாறமாட்டார். அந்த வீரரைக் குறைத்தும் எண்ணமாட்டார்.