வெள்ளைத் துணியும் தெர்மாகோலும் போதும்: குறைந்த செலவில் உருவப்பட ஒளியமைப்பு

உருவப்படத்தில் முகம் மென்மையாகத் தெரிவதற்கு விலை உயர்ந்த விளக்குகள் கட்டாயமில்லை. எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து, எவ்வளவு அருகிலிருந்து ஒளி வருகிறது என்பதே நிழலின் தன்மையைத் தீர்மானிக்கிறது. அந்தப் பரப்பை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே உருவாக்கலாம்.

இதற்கு இந்தியத் திரையுலகிலேயே சான்று உண்டு. சத்யஜித் ரே இயக்கிய 'அபராஜிதோ' (1956) படத்துக்காக, காசி நகர வீடொன்றின் முற்றம் ஸ்டுடியோவுக்குள் அரங்கமாக அமைக்கப்பட்டது. திறந்த வானிலிருந்து இறங்கும் மென்மையான ஒளியை அங்கே கொண்டுவர, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அரங்கின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் மீது நேரடியாகப் பாய்ச்சாமல், துணியில் பட்டுத் திரும்பும் ஒளியில் காட்சிகளைப் படமாக்கினார்.

துணி செய்யும் வேலை என்ன?

சிறிய பல்பின் ஒளி ஏறக்குறைய ஒரே புள்ளியிலிருந்து வருவதால், மூக்கு, தாடை ஆகியவற்றின் நிழல் கூர்மையாக விழுகிறது. பெரிய பரப்பின் ஒளியோ பல கோணங்களிலிருந்து வந்து நிழலின் விளிம்பைக் கரைக்கிறது. வெயிலில் அழுத்தமாக விழும் நிழல், மேகமூட்டத்தில் மங்குவதும் இதனால்தான்.

அமைக்கும் முறை

ஒரு மீட்டர் நீள, அகலமுள்ள பிவிசி குழாய்ச் சட்டகத்தில் மெல்லிய வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு அரை மீட்டர் பின்னால் எல்இடி விளக்கை வைக்கலாம். முகத்திலிருந்து சுமார் ஒரு மீட்டர் தொலைவில், 45 டிகிரி கோணத்தில், கண் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து ஒளி வருவது நல்லது. சட்டகத்தைத் தள்ளி வைத்தால் ஒளி குறைவதோடு நிழலும் கடுமையாகும். மறுபக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் பகுதி சற்று வெளிச்சம் பெறும்.

விளக்கில் கவனம்

சிஆர்ஐ எனப்படும் நிறத்துல்லிய அளவு 90-க்கு மேல் உள்ள விளக்குகளில் தோலின் நிறம் இயல்பாகப் பதிவாகும். மஞ்சள், வெள்ளை விளக்குகளை ஒன்றாக எரியவிடக் கூடாது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் கோடுகள் தெரிந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைக்கலாம்.

ஹாலஜன் விளக்குகள் கடுமையாகச் சூடேறும் என்பதால், அவற்றின் அருகே துணி, காகிதம், தெர்மாகோல் ஆகியவற்றை வைப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

இம்முறைக்கு வரம்பும் உண்டு. துணி ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுவதால், ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்க ஃபிளாஷ் தேவைப்படலாம். ஆனால், அசையாமல் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் படம்பிடிக்க இந்த அமைப்பே போதுமானது. புதிதாகத் தொழில் தொடங்குவோர் கடன் வாங்கிக் கருவிகளைக் குவிப்பதற்கு முன், இதில் பயிற்சி பெறலாம்.