சென்னைக்கு இரண்டு மழை

சென்னையில் ஆகஸ்ட் மழைக்கும் நவம்பர் மழைக்கும் நேரமும் வேறு, திசையும் வேறு. ஆகஸ்டில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மாலையில் மேற்கே இருட்டிக்கொண்டு வரும். இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். நவம்பரில் மேகம் கிழக்கே கடலிலிருந்து வரும். பெரும்பாலும் பின்னிரவில் தொடங்கி விடியலில் வலுக்கும். இடி குறைவு, விட்டுவிட்டு நாள் முழுக்கப் பெய்யும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக்கடலில் அள்ளிய ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. சென்னை இருப்பது மழை மறைவுப் பகுதியில். ஆனாலும் இந்த நான்கு மாதங்களில் இங்கே சுமார் 440 மி.மீ. மழை கிடைக்கிறது. நண்பகல் வெயிலில் சூடேறிய தரைக்காற்று மேலே எழும்புகிறது. பிற்பகலில் கடற்காற்று ஊருக்குள் நுழைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இடிமேகங்கள் திரள்கின்றன. உயரத்தில் வீசும் மேலைக்காற்று அவற்றைக் கடற்கரை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது.

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. சூரியன் தெற்கே நகர, வெப்பமண்டல மழைப் பட்டையும் கூடவே தெற்கே இறங்குகிறது. வங்கக்கடலைக் கடந்து வடகிழக்கிலிருந்து வீசும் காற்று ஈரத்தோடு நம் கரையை அடைகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் முன்னோர் கணித்ததும் இந்தக் காலத்தைத்தான். இரவில் தரை குளிர்ந்துவிடும். கடலோ வெதுவெதுப்பாகவே இருக்கும். தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றும் வடகிழக்கிலிருந்து வரும் காற்றும் கரையோரத்தில் மோதி மேகங்களை எழுப்புவதால்தான் விடியற்காலையில் மழை பிடித்துக்கொள்கிறது.

சென்னையின் ஆண்டு மழை சராசரி சுமார் 1,400 மி.மீ. லண்டனில் பெய்வது ஏறத்தாழ 600 மி.மீ. மட்டுமே. ஆகவே, சென்னைக்கு மழை குறைவு என்பது உண்மையல்ல. அது வரும் விதம்தான் சிக்கல். ஆண்டு மழையில் கிட்டத்தட்ட 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதியைத் தருபவை ஒரு சில காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும்தான். ஒரு தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தால் ஏரிகள் நிரம்பும். அதுவே ஆந்திரா பக்கம் ஒதுங்கினால், ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நமக்கு மிஞ்சுவது வறண்ட காற்று.

பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பொய்க்க, வடகிழக்கு மழை பெருகுவது உண்டு. 2015இல் அதுதான் நடந்தது. நுங்கம்பாக்கத்தில் நவம்பரில் மட்டும் 100 செ.மீ.க்கு மேல் பெய்தது. டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது; அடையாற்றங்கரை மூழ்கியது. மூன்றே ஆண்டுகளில், 2018இல், வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.

இந்த வெள்ளத்தையும் பஞ்சத்தையும் தனித்தனிச் சிக்கல்களாகப் பார்க்கக் கூடாது. சில நாட்களில் கொட்டும் நீரை ஆண்டு முழுதுக்கும் தேக்கிவைக்க முடியாததன் இரு முகங்கள் அவை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் ஏரிக்கு ஏரி கால்வாய் வெட்டி இணைத்த பழைய தலைமுறைகள் இதை அறிந்திருந்தன. இன்றோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கி முன்பிருந்ததில் சிறு பகுதியே மிஞ்சியிருக்கிறது. தட்டையான ஊரில் தண்ணீருக்கான இடத்தைக் கட்டடங்கள் பிடித்துக்கொண்டால் நீர் வீட்டுக்குள்தான் வரும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைச் சுமக்கும் என்பதால், வரும் காலத்தில் பெருமழைகள் இன்னும் வலுக்கும்.

ஏரிகளைத் தூர்வாருவதும் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றுவதும் அரசின் கடமை. வீட்டளவில் நம் கடமையும் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் குழாய் அடைத்து, குழியில் மண் மூடிக் கிடந்தால் சட்டத்தால் பயனில்லை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ 1,30,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பத்துக்கும் மேல். செப்டம்பர் முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, குழாயைச் சரிபார்த்து, குழியைத் தூர்வாரிவிடுங்கள்.