வெயிலில் ஆடிவிட்டு வந்த பிள்ளைக்கு உடம்பு சுடுதா? மாத்திரைக்கு முன்னால் தண்ணீர்!

லீவு விட்டாச்சு. மதியம் 12 மணி. பெரியவர்கள் ஃபேனுக்குக் கீழே சுருண்டு கிடக்க, தெருவில் மட்டும் 'அவுட்டு... இல்ல, நோ பால்!' பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால், 'இந்த ஓவர் மட்டும்மா' என்று பதில் வரும். ஒருவழியாக முகம் சிவந்து உள்ளே வரும் பையன், 'தலை வலிக்குது' என்று படுத்துவிடுகிறான். தொட்டால் அனலாகச் சுடுகிறது. நம் கை முதலில் எங்கே போகும்? பாராசிட்டமால் டப்பாவுக்குத்தானே!

அங்கேதான் தவறு செய்கிறோம். கிருமியால் வரும் காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. அதை இறக்கத்தான் பாராசிட்டமால். வெயில் சூடு வேறு. உடம்பு தன் வழக்கமான 37 டிகிரி செல்சியஸில் இருக்கத்தான் போராடுகிறது. வெளியே இருந்து ஏறும் சூட்டை வியர்த்துத் தள்ள முடியாமல் தோற்றுப்போகிறது. அதற்கு மாத்திரை வேலை செய்யாது. போட்டுவிட்டு 'அரை மணி நேரம் பார்ப்போம்' என்று காத்திருப்பதுதான் ஆபத்து. போர்வை போர்த்துவது அதைவிட மோசம்.

அப்போ என்ன செய்யணும்? நிழலுக்குக் கொண்டுவந்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்ற அளவில் இருந்து, பிள்ளை தெளிவாகப் பேசினால், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம்.

ஆனால் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். உடனே 108-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 'வியர்க்குதே, அப்போ ஹீட் ஸ்ட்ரோக் இல்லை' என்றும் நினைக்க வேண்டாம். ஓடி ஆடிய பிள்ளைகளுக்கு அந்த நிலையிலும் வியர்க்கலாம்.

இந்த நிலைக்குப் போகாமல் தடுக்க ஓர் எளிய வழி, சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் 'தண்ணி வேணுமா?' என்று கேட்காமல், டம்ளரைக் கையில் கொடுத்துவிடுங்கள். மோர், இளநீர், நுங்கு எல்லாமே ஓகே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் கோடையிலும் தாய்ப்பால் போதும். தனியாகத் தண்ணீர் வேண்டாம். அம்மாதான் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போதும் கொஞ்சம் கவனம். பெயரில் மட்டும் அதை வைத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரை விற்ற பானங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாதவற்றுக்கு அந்தப் பெயரே கூடாது என்று, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடங்களாகப் போராடியதன் பலன் அது. மருந்துக்கடைப் பொடி பாக்கெட்டை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பாக்கெட், கைக்கணக்கு எல்லாம் வேண்டாம்.

இன்னொன்று, கார். 'ரெண்டே நிமிஷம், பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்' என்று தூங்கும் குழந்தையை உள்ளே விட்டுப் போகிறோம் இல்லையா? வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடாகும். தூக்கிக்கொண்டே போங்கள். வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டியே வையுங்கள், கண்ணாமூச்சி ஆடும் வாண்டுகள் ஒளியத் தேடும் இடம் அது!

தெரு கிரிக்கெட்? அதை நிறுத்த யாராலும் முடியாது. மேட்சைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்றிப் பாருங்கள். 'லைட் போயிடும்' என்று முதல் நாள் சண்டை வரும். ஓவரைக் குறைத்து அவர்களே சமாதானம் ஆகிவிடுவார்கள்.