கேட்காமலே கிடைக்கும் தகவல்: ராஜஸ்தான் காட்டிய வழியும் இன்றைய கவலையும்

புது தில்லி: அரசு அலுவலகக் கோப்புகள் குடிமக்கள் கேட்டால் மட்டும் திறக்கப்பட வேண்டுமா, அல்லது கேட்காமலே திறந்திருக்க வேண்டுமா? 2005-ம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இதற்குத் தெளிவாகவே விடை கூறியுள்ளது. மனு போடுவதும், 30 நாள்கள் காத்திருப்பதும் அச்சட்டத்தில் பலரும் அறிந்த பகுதி. பலரும் அறியாதது அதன் 4-வது பிரிவு. பொதுமக்கள் மனுப் போட வேண்டிய தேவையே குறையும் அளவுக்கு, அரசு அமைப்புகள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது அப்பிரிவு.

சட்டம் வந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகே இப்பிரிவுக்கு ஒரு மாநிலம் முழுமையான வடிவம் கொடுக்க முன்வந்தது. 2019 செப்டம்பர் 13-ம் தேதி, அன்றைய முதல்வர் அசோக் கெலாட் ஜெய்ப்பூரில் "ஜன் சூசனா" (மக்கள் தகவல்) என்ற இணையதளத்தைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் 13 துறைகளைச் சேர்ந்த 23 திட்டங்களின் விவரங்கள் அதில் இடம்பெற்றன. பின்னர் துறைகளும் திட்டங்களும் பல மடங்கு பெருகின.

சாலையோரப் போராட்டம்

இந்த இணையதளத்தின் வரலாறு கணினி நிறுவனங்களில் தொடங்கவில்லை. வறட்சி மிகுந்த ராஜஸ்தான் கிராமங்களின் நிவாரணப் பணிகளில் தொடங்குகிறது. அங்கு உழைத்தவர்களுக்கு உரிய கூலி கிடைக்கவில்லை. காரணம் கேட்டால், "பதிவேட்டில் உள்ளபடிதான் கொடுத்தோம்" என்று பதில் வந்தது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம் என்றார்கள்.

இந்திய ஆட்சிப் பணியைத் துறந்த அருணா ராயும், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் ராஜசமந்த் மாவட்டத்தின் தேவ்டுங்ரி கிராமத்தில் தங்கிப் பணியாற்றினர். 1990-ல் அங்கு "மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்" என்ற அமைப்பு உருவாயிற்று. 1994 முதல் அந்த அமைப்பு, "ஜன் சுன்வாய்" எனும் மக்கள் விசாரணைக் கூட்டங்களை நடத்தியது. ஊர் நடுவே கணக்குகள் உரக்க வாசிக்கப்பட்டன. இறந்தவர்களின் பெயரில் கூலி பெற்றதும், கட்டாத கட்டடங்களுக்குப் பணம் எடுத்ததும் ஊரார் முன்னிலையில் வெளிப்பட்டன.

1996-ல் பியாவர் நகரில் 40 நாள்கள் தர்ணா நடைபெற்றது. "நம் பணம், நம் கணக்கு" என்ற முழக்கம் அப்போது நாடெங்கும் பரவியது. 1997-ல் தகவல் உரிமைக்கான சட்டத்தை நாட்டிலேயே முதன்முதலில் இயற்றியது தமிழகம். ராஜஸ்தான் 2000-ல் சட்டம் கொண்டு வந்தது. 2005-ல் நாடாளுமன்றம் மத்திய சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் வந்த பின்னர் ராஜஸ்தானில் பஞ்சாயத்துக் கட்டடங்களின் சுவர்களில் வேலைத் திட்டக் கணக்குகள் எழுதப்பட்டன. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்பதைத் தெருவில் போவோரும் படிக்கலாம். அந்தச் சுவரின் தொடர்ச்சியே ஜன் சூசனா.

ஒரு ரேஷன் கடையின் கணக்கு

இணையதளத்தில் மாவட்டம், பஞ்சாயத்து, கடை எனத் தேர்வு செய்தால் போதும். அந்த ரேஷன் கடைக்கு வந்த இருப்பு எவ்வளவு, எந்த அட்டைதாரர் எந்த மாதம் எத்தனை கிலோ கோதுமை பெற்றார் என்பன தெரியும். இதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. மனுவோ, கட்டணமோ தேவையில்லை. கோதுமை வாங்காத ஒருவரின் பெயரில் வாங்கியதாகப் பதிவாகியிருந்தால், அதுவே முறைகேட்டுக்கான சான்று. தம் கணக்கை மட்டுமன்றி ஊர்க் கணக்கையே ஒருவர் பார்க்க முடிவதுதான் இதன் வலிமை.

கல் குவாரிகளில் தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் நோய்க்கு ஆளான தொழிலாளர்களுக்கான உதவித்தொகை விவரங்களும் இதில் சேர்க்கப்பட்டன. 2019-ல் வெளியான மாநிலக் கொள்கையின்படி, நோய் உறுதி செய்யப்பட்டவருக்கு ரூ. 3 லட்சமும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சமும் வழங்க வேண்டும். மூச்சு வாங்க நடக்க முடியாத ஒருவருக்கு, விண்ணப்பம் எந்த மேஜையில் நிற்கிறது என்பதை அலுவலகம் ஏறி இறங்காமல் அறிவது சிறிய உதவி அன்று.

எந்தத் தகவலை எந்த வடிவில் வெளியிடுவது என்பதை அதிகாரிகள் மட்டும் முடிவு செய்யவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தகவல் தொழில்நுட்பத் துறையினரும் மக்கள் அமைப்பினரும் "டிஜிட்டல் உரையாடல்" என்ற பெயரில் தொடர்ந்து கூடிப் பேசி வடிவங்களைத் தீர்மானித்தனர். செல்பேசி இல்லாதோர் கிராமங்களில் உள்ள "இ-மித்ரா" மையங்களில் விவரங்களைப் பெற வழி செய்யப்பட்டது. பின்னர் கர்நாடக அரசும் "மாஹிதி கணஜ" (தகவல் களஞ்சியம்) என்ற பெயரில் இதே போன்ற தளத்தை அமைத்தது.

மறுபக்கம்

எனினும் கணினி வந்தாலே நேர்மை வந்துவிடும் என்று கருதுவதற்கில்லை. இதே ராஜஸ்தானில் 2016-ல், உயிரோடிருந்த முதியோர் பலர் பதிவேடுகளில் இறந்தவர்களாகக் குறிக்கப்பட்டு ஓய்வூதியம் இழந்தனர். ரேஷன் கடைகளில் விரல் ரேகை பொருந்தாததால் தானியம் பெறாமல் திரும்பியோரும் உண்டு.

ஊரக வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் செல்பேசிச் செயலி வழியாக, தொழிலாளர்களைப் படம் பிடித்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. முறைகேட்டைத் தடுப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. ஆனால் பணிக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்த படங்களும் பதிவேற்றப்படுவதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. இணைப்புக் கிடைக்காத இடங்களில் உழைத்தவரின் வருகை பதிவாகாமல் போனதும் நிகழ்ந்தது.

இரண்டிலும் பயன்படுவது ஒரே தொழில்நுட்பம்தான். முன்னதில் குடிமகன் அரசைப் பார்க்கிறான்; பின்னதில் அரசு குடிமகனைப் பார்க்கிறது. முறைகேட்டைக் கண்டறியும் ஆற்றல் உள்ளூர் மக்களிடமே அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்கு வந்தாரா என்பது தலைநகரில் உள்ள கணினிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும்.

புதிய சட்டத்தால் எழும் கேள்வி

இந்நிலையில் தில்லியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு தகவல் உரிமை ஆர்வலர்களைக் கவலையில் ஆழ்த்தியுள்ளது. 2023-ல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. இத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொது நடவடிக்கையுடன் தொடர்பில்லாத அல்லது தனிநபரின் அந்தரங்கத்தில் அத்துமீறித் தலையிடும் தகவல்களை மட்டுமே முன்பு அப்பிரிவின் கீழ் மறுக்க முடிந்தது. இப்போது தனிநபர் தகவல் என்ற காரணமே மறுப்பதற்குப் போதும்.

தனியுரிமையை அடிப்படை உரிமையாக உச்ச நீதிமன்றம் 2017-ல் அறிவித்ததை அரசு சுட்டிக்காட்டுகிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே உள்ளது என்றும் கூறுகிறது. தனியுரிமை முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஒருவரின் நோய், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவை சந்தையில் வைக்கப்பட வேண்டியவை அல்ல.

ஆனால் பயனாளியின் பெயர், ஊர், பெற்ற தொகை ஆகியவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது மொத்தத் தொகை மட்டுமே. ஒரு பஞ்சாயத்தில் இத்தனை பேருக்கு இத்தனை லட்சம் வழங்கப்பட்டது என்ற வரியை எந்தக் கிராமத்தாராலும் சரிபார்க்க இயலாது. இறந்தவர் பெயரில் கூலி பெற்றதைக் காட்டிக் கொடுத்தது மொத்தத் தொகை அன்று, பெயர்ப் பட்டியலே.

எந்தத் தகவல் அந்தரங்கம், எந்தத் தகவல் பொதுக்கணக்கு என்பதை வகுக்கும் பொறுப்பு இப்போது அரசுகளிடம் உள்ளது. அதைப் பயனாளிகளையும் அமர்த்தி வகுக்கலாம் என்பதை ராஜஸ்தான் ஏற்கெனவே செய்து காட்டியுள்ளது. அந்த முறையைப் பிற மாநிலங்களும் மத்திய அரசும் பின்பற்றாவிடில், திறந்த சுவர் மீண்டும் பூட்டிய பீரோவாகிவிடும். அப்போது கணக்குக் கேட்கும் மக்கள் மறுபடியும் சாலையோரத்துக்கே வர வேண்டியிருக்கும்.