மிலிட்டரிக்காரர் சொல்லும் ‘ஷேப் ஒன்’ என்றால் என்ன?

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே ஒரு பெயர் உண்டு. அத்தனை வீடுகளில் பட்டாளத்துக்காரர்கள்! இந்தப் பக்கத்து மிலிட்டரிக்காரரிடம் உடம்பு எப்படி என்று கேட்டால், “நான் ஷேப் ஒன் சார்!” என்பார். தொந்தியில்லாத கட்டுமஸ்தான உடம்பைச் சொல்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். விஷயம் அதுமட்டுமல்ல.

‘ஷேப்’ என்பது ராணுவ மருத்துவப் பரிசோதனையில் வரும் ஐந்து ஆங்கில எழுத்துகள். எஸ் என்றால் மனநிலை. ஹெச் என்றால் காது. ஏ என்றால் கை, கால். பி என்றால் உடல் திறன். இ என்றால் கண். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள். ஐந்திலும் 1 வாங்கினவர்தான் ‘ஷேப் ஒன்’. கவனித்தீர்களா, முதல் எழுத்தே மனசுக்குத்தான்!

தரம் இறங்கினால் ‘லோ மெடிக்கல்’. பதவி உயர்வுக்கே இடைஞ்சல் வரலாம். அதனால் வலியை வெளியே சொல்லாமல் மறைக்கிற பழக்கம் சிலருக்கு வந்துவிடுகிறது. இதுதான் ஆபத்து.

இன்னொரு வார்த்தை ‘ரகடா’. இந்தியில் தேய்ப்பது என்று பொருள். பட்டாளத்தில், தண்டனையாக உடம்பைப் பிழிந்தெடுக்கும் பயிற்சிக்கு இந்தப் பெயர். ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ‘பீம்’ கம்பியில் 10 தடவை எழும்பினால் முழு மார்க். அதற்காக நம் பையன்கள் தாங்களே ரகடா எடுத்துக்கொள்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்தும் தார் ரோட்டில் ஓடுகிறார்கள். வேண்டாம் தம்பி! ஓட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். சாதாரண தசைவலிக்கு உளுந்துத் தைலம் தடவலாம். எலும்பில் ஒரே இடத்தில் வலி நீடித்தால் எக்ஸ்ரே, டாக்டர் யோசனை அவசியம்.

ஓய்வு பெற்ற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. ஜவான்கள் பலர் நாற்பதை ஒட்டியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். காலை ஓட்டம் நின்றுபோகிறது. சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே! தோல் கம்பெனியில் நாற்காலி போட்ட செக்யூரிட்டி வேலை, வாரம் தவறாமல் ஆம்பூர் பிரியாணி... சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சத்தமில்லாமல் வந்து உட்காரும். தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள். ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்குங்கள். வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நெஞ்சு வலித்தால் ‘வாயு’ என்று கஷாயம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாமார்களே, உங்கள் வீட்டுக்காரரை இந்த ஐந்து எழுத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமில்லாமல் கிடக்கிறாரா, எரிந்து விழுகிறாரா? அதுவும் உடம்புக்கு ஆகாததுதான். வலியைச் சொன்னால் வீட்டில் யாரும் ‘லோ மெடிக்கல்’ போட மாட்டார்கள் என்று தைரியம் கொடுங்கள்.