வெயிலில் தோல் ஏன் கறுக்கிறது?

"வெயில்ல நிக்காதடி, கறுத்துப் போயிடுவ." எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டே வளர்கிறார்கள். திருவண்ணாமலையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். என் மாணவிகள் பலருடைய அம்மாக்கள் மல்லாட்டை பிடுங்கவும் களையெடுக்கவும் போகிறவர்கள். சிலர் கிரிவலப் பாதையில் பகலெல்லாம் உட்கார்ந்து பூ விற்கிறவர்கள். அதனால் மரபணுப் பாடத்தை நான் தோலின் நிறத்திலிருந்தே தொடங்குவேன்.

உச்சிவெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் இறங்கி டிஎன்ஏவைத் தாக்குகிறது. டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற எழுத்துகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அந்த இடம் புடைத்துவிடுகிறது. ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால், ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி அதன் மேல் நகர்ந்து ஆர்என்ஏ படி எடுக்க வேண்டும். ஏர் ஓட்டும்போது கல்லில் கொழு மாட்டிக்கொள்வதுபோல, அந்த நொதி புடைத்த இடத்தில் நின்றுவிடும். அந்த மரபணுவின் வேலையும் அங்கேயே நிற்கும்.

நின்ற இடத்தில்தான் பழுது இருக்கிறது என்று செல்லுக்குத் தெரிந்துவிடுகிறது. பழுதுநீக்கும் புரதங்கள் அங்கே கூடி, கெட்ட பகுதியைச் சுமார் முப்பது எழுத்து நீளத்துக்கு வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்புகின்றன. செல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மரபணுக்கள் மற்றவற்றைவிட வேகமாகப் பழுதுபார்க்கப்படுகின்றன என்பதை ஸ்டான்ஃபோர்டில் பிலிப் ஹனவால்ட் குழு 1980களில் கண்டறிந்தது. டிஎன்ஏ பழுதுநீக்கத்தை விளக்கிய லிண்டால், மாட்ரிச், சன்ஜார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வெட்டி ஒட்டும் திறன் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது.

பழுது வந்ததும் வேறு சில மரபணுக்கள் விழிக்கின்றன. பி53 என்ற காவல் புரதம் பெருகி, செல் பிரிவதைத் தடுக்கும் மரபணுவை முடுக்கிவிடுகிறது. சரிசெய்ய அவகாசம் கிடைக்கிறது. சேதம் மிஞ்சிப்போனால் அந்தச் செல்லையே சாகச் செய்கிறது. அதே பி53 இன்னொரு மரபணுவையும் தட்டி எழுப்புகிறது என்று 2007இல் அமெரிக்காவில் டேவிட் ஃபிஷர் குழு காட்டியது. அந்த மரபணு தரும் ஹார்மோன், பக்கத்திலுள்ள நிறமிச் செல்களை மெலனின் தயாரிக்க வைக்கிறது. அந்த மெலனின், தோல் செல்களின் உட்கருவுக்கு மேல் குடையாகக் கவிகிறது. வெயிலில் போய்வந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும் கறுப்பு இதுதான்.

ஆகவே அந்தக் கறுப்பு அழுக்கும் இல்லை, அவமானமும் இல்லை. பழுதைக் கண்டுபிடித்து, மரபணுவை எழுப்பி, உடல் தனக்குத் தானே கட்டிக்கொண்ட அரண். அதைக் கரைக்கச் சிவப்பழகுக் களிம்பு தேடி அலைய வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது மெலனின் உருவாவதைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆனால் அரண் எழுந்திருக்கிறது என்றால் அடியும் விழுந்திருக்கிறது என்றே பொருள். அந்த அரணால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. புற ஊதாக் கதிர், கொலாஜன் என்ற புரதத்தை வெட்டும் நொதிகளின் மரபணுக்களையும் முடுக்கிவிடுகிறது. தோலைத் தாங்கும் கொலாஜனின் முப்புரி வடிவத்தை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்குச் சொன்னார்கள். அந்தப் புரி அறுபடுவதால்தான் நாற்பது வயதிலேயே எங்கள் கழனிப் பெண்களின் முகம் சுருங்கிவிடுகிறது. கண்ணில் புரை விழுவதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம்.

கூலிக்கு ஆள் வைக்கும் நிலக்காரர்களையும் மேஸ்திரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: விடியலிலேயே வேலையைத் தொடங்குங்கள், உச்சிவேளையில் அவர்களை நிழலில் உட்கார விடுங்கள். பெற்றோரே, பிள்ளைக்கு ஒரு குடையோ தொப்பியோ கொடுத்து அனுப்புங்கள். கறுத்துப்போவாய் என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள்.